அஞ்சு கொடு

நம் வாட்ஸாப் குழுவில் நேற்று மறுபடியும் அந்தச் செய்தி வந்துவிட்டது. ஒரு பிரம்பின் படம், அதன் கீழே "நாம் அடி வாங்கி வளர்ந்தோம், அதனால்தான் உருப்பட்டோம்" என்று ஒரு வாசகம். அதற்கு வரிசையாகக் கை கூப்பிய பொம்மைகள். அனுப்பியவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கும் என்னைப் போலவே படிக்கக் கண்ணாடி வேண்டும், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உருப்பட்ட அழகு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நானும் உங்கள் வயதுக்காரிதான். ஆனால் பத்து வயது வரைக்கும் அடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது நார்வேயில், ஸ்டவாங்கர் என்னும் மழை ஊரில். அங்கே பிள்ளையை அடிப்பது குற்றம். பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி, பாடம் சொல்லித்தரும் வாத்தியாராக இருந்தாலும் சரி, கை வைக்கக் கூடாது. நான் முதன்முதலாக அடி வாங்கியது அமெரிக்காவில், டெக்சாஸில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதுவும் "ப்ளீஸ்" போட்டு நானே கேட்டு வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அப்பா தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்து, அப்படியே நார்வேக்குப் போய், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலைக்கு அமர்ந்தவர். இரண்டு வாரம் கடலில் இருப்பார், பிறகு வீட்டுக்கு வருவார். கதவு திறந்ததும் ஈர மழைக்கோட்டின் ரப்பர் வாசமும் டீசல் வாசமும் முதலில் உள்ளே வரும். அவர் வாசலில் செருப்பு கழற்றும் இடத்திலேயே நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, "அஞ்சு கொடு!" என்பார். நானும் தம்பியும் ஓடிப்போய் எம்பிக் குதித்து அந்த உள்ளங்கையில் எங்கள் ஐந்து விரலாலும் அடிப்போம். தம்பிக்கு எட்டாது. நாலு தடவை குதிப்பான், அப்புறம் அப்பாவே கையைக் கொஞ்சம் இறக்குவார். எங்கள் வீட்டில் தூக்கிய கை என்றால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்பாவின் கெண்டைக்காலில் வெள்ளையாக, நீளமாக ஒரு தழும்பு இருந்தது. அவருடைய அப்பா திருக்கை மீனின் வாலைக் காயவைத்து வீட்டில் தொங்கவிட்டிருந்தாராம். பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் அதுதான் பேசுமாம். ஒருநாள் எங்கள் வீட்டு விருந்தில் இதை அப்பா ரொம்பத் தமாஷாகச் சொன்னார், வால் காற்றில் வரும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு நார்வேக்காரப் பெண்மணி முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தம்மா எதுக்கு அழுவுது?" என்று அப்பா தமிழில் அம்மாவிடம் கேட்டார். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

அம்மாவும் அதே கடற்கரைதான். கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். தட்டு, கரண்டி, பீங்கான் கிண்ணம் எல்லாம் சுவரில் போய் விழும். ஆனால் ஆள்மேல் பறக்காது. அவள் ஊரில் பொம்பளை மீன் விற்கலாம், கருவாடு காயப்போடலாம், வள்ளத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. அவளை ஒரு கோடையில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் சிறிய படகில் ஏற்றிக்கொண்டு போனார். முதலில் மாதாவே மாதாவே என்று கத்தினாள். பிறகு துடுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, கரைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அடுத்த வாரமே எனக்கும் தம்பிக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் வந்தன. முதுகில் கறுப்பு மையால் எங்கள் பெயரை அவளே எழுதினாள்.

அப்பாவைக் கம்பெனி ஹூஸ்டனுக்கு மாற்றியது. எங்கள் நால்வர் கையிலும் சிவப்பு அட்டை போட்ட நார்வே பாஸ்போர்ட். விமான நிலையத்தில் அதிகாரி அதையும் எங்கள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நகரத்துக்கு மேற்கே ஓர் அப்பார்ட்மெண்ட். வெளியே அனல், உள்ளே ஏசியின் ஈரக் கம்பள நாற்றம். நடப்பதற்கு எங்கேயும் நடைபாதை கிடையாது. ஸ்டவாங்கரில் நான் மழையில் தனியாகவே பள்ளிக்கு நடந்து போவேன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வகுப்பில் உட்காருவேன், டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இங்கே வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும், "மேம்" என்று சொல்லாவிட்டால் முறைப்பார்கள். தம்பிக்கு ஆறு வயது. அங்கே ஏழு வயதில்தான் பள்ளியே தொடங்கும், அதுவரை மரம் ஏறிக்கொண்டு திரியலாம். இங்கே அவனை நாள் முழுக்க நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். உட்காருவானா?

அந்த அப்பார்ட்மெண்டைப் பிடித்துக் கொடுத்தவர் அப்பாவின் ஆபீஸில் மூத்தவர், சென்னைக்காரர். எங்களுக்கு அங்கிள். பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா நார்வேக்காரி, இந்தக் கலர்ல ஒரு நார்வேக்காரிய நான் பாத்ததே இல்லையே!" என்பார். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

பள்ளி தொடங்கிய வாரம் ஒரு கத்தைத் தாள் வந்தது. பஸ்ஸுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, போட்டோவுக்கு என்று ஒவ்வொன்றிலும் பெற்றோர் கையெழுத்து. அப்பா ஆபீஸில் இருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, நார்வேஜிய மொழிதான் சரளம். நடுவில் ஒரு தாளில் ஒரு சொல்லைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நார்வேஜிய மொழியில் 'பாட்லிங்' என்றால் துடுப்புப் போட்டுப் படகு விடுவது. இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதே எழுத்து. ஸ்டவாங்கர் பள்ளியில் வருஷா வருஷம் அதற்குக் கூட்டிப்போவார்கள்.

"ஏட்டி, இங்கயும் வள்ளம் விடக் கூட்டிட்டுப் போறாவளாம்!"

"கடலே இல்லையேம்மா?"

"ஏரி கீரி இருக்கும். இவ்ளோ பெரிய ஊர்ல தண்ணியா இல்லாம போவும்?"

எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு தாளிலும் 'சரி' என்ற கட்டத்தில் குறி போட்டு, கீழே தன் முழுப் பெயரையும் அழகாக எழுதினாள். இங்கிலீஷில் பேடில் என்றால் துடுப்பு, ஆனால் அந்த ஊரில் இன்னொன்றுக்கும் அதே பெயர் உண்டு. கிரிக்கெட் மட்டை மாதிரி ஒரு பலகை, பிள்ளைகளைக் குனியவைத்துப் பின்பக்கத்தில் அடிப்பதற்காகவே செய்தது. பள்ளியே அடிக்கலாம், பெற்றோர் சரி என்று எழுதிக் கொடுத்தால். இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அக்டோபரில் ஒருநாள் வானம் கறுத்துப் பச்சை பிடித்தது. விளையாட்டு நேரத்தில் எங்கள் எல்லோரையும் ஜிம்முக்குள் அடைத்தார்கள். எனக்கு அது புரியவே இல்லை. மழைக்காக யாராவது பிள்ளையை உள்ளே பூட்டுவார்களா? வானிலை மோசமில்லை, உடுப்புதான் மோசம் என்று சொல்லிச் சொல்லி எங்களை வெளியே துரத்திய ஊரில் வளர்ந்தவள் நான். பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். வெதுவெதுப்பான மழை, வெந்நீர் மாதிரி. திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு என் பின்னால் வந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிடம் மைதானத்து ஓரப் பைன் மரத்தில் இடி விழுந்தது. மரம் வெடித்துப் பிளந்த சத்தத்தில் எல்லோரும் கீழே விழுந்தோம். ஒரு பெண்ணின் தாடை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். டீச்சர்கள் கத்திக்கொண்டே ஓடிவந்து எங்களை இழுத்துப் போனார்கள். ஸ்டவாங்கர் மழையில் இடி அபூர்வம். இந்த மழை ஆளைக் கொல்லும் மழை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என்னைத் துணை முதல்வரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் கால்பந்துப் பயிற்சியாளரும்கூட. தலையும் கழுத்தும் ஒரே அகலம், வாயில் எப்போதும் புதினா மிட்டாய். குரல் மட்டும் மென்மையாக இருக்கும். உனக்கு இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒரு வாரம் தனி அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அல்லது பேடில். எது வேண்டும், நீயே சொல்.

எனக்கு நம்ப முடியவில்லை. தப்புச் செய்தவளைப் படகு விட அழைத்துப்போகிறார்களா? தண்ணீர் ஆசை பிடித்துத்தான் இப்படிச் செய்தாள் என்று புரிந்துகொண்டுவிட்டார்களோ? இது நல்ல ஊர்தான் என்று எனக்கு முதன்முறையாகத் தோன்றியது.

"பேடில், ப்ளீஸ்" என்றேன்.

அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"பேடில்? யெஸ் யெஸ், வெரி குட். தாங்க்யூ சார். தாங்க்யூ வெரி மச்."

மறுநாள் காலைக்கு அம்மா பொட்டலம் கட்டினாள். ரொட்டித் துண்டு, அதன்மேல் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தாள். மாற்று உடுப்பு, துண்டு, மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டை. தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுதான். "ஒனக்கும் ஒருநாள் வரும்லே, அழாத" என்று அவன் தலையைத் தடவினாள்.

அந்த அறையில் நான் முதல் வேலையாக மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டைகளை டக் டக்கென்று பூட்டிக்கொண்டு தயாராக நின்றேன். செயலாளர் அம்மாள் சாட்சிக்கு வந்து சுவரோரம் நின்றார். துணை முதல்வரின் முகம் சிவந்தது. நான் அவரைக் கேலி செய்கிறேன், அடி படாமலிருக்க மெத்தை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கழற்று என்றார். கழற்றினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு குனி என்றார். துடுப்புப் போடும் பயிற்சியை இங்கே இப்படித் தொடங்குவார்கள் போல என்று குனிந்தேன்.

முதல் அடியில் எனக்கு வலியே தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. கூரையிலிருந்து என்மேல் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, அவருக்கும் அடிபட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் பலகை. அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருந்தன, காற்று தடுக்காமல் வேகமாக வருவதற்கு. இரண்டாவது அடி வரும்போது அந்த ஓட்டைகள் விசில் அடித்தன. முதல் அடியின் வலியும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மூன்றாவதில் கால் மடங்கி, மேசை விளிம்பில் என் பல் இடித்து உதடு கிழிந்தது. கால்வழியே மூத்திரம் சூடாக ஓடியது. முடிந்ததும் அவர் பலகையை ஆணியில் மாட்டிவிட்டு, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லி ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். மிதவைச் சட்டையை எடுக்காமலே வந்துவிட்டேன். அது பிறகு கிடைக்கவே இல்லை.

"எப்டிட்டி இருந்துச்சு வள்ளம்?" என்று கதவைத் திறந்தபடியே அம்மா கேட்டாள்.

எனக்குச் சொல்லச் சொல் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழில் அடி என்பது பாத்திரத்தின் அடி, கடலின் அடி.

"துடுப்பு என்மேலதாம்மா போட்டாங்க" என்றேன்.

பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுநடுவே அந்த ஓட்டைகள் பதிந்த வெள்ளை வட்டங்கள். அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கிச் சுவரில் எறிந்தாள். கஞ்சி வழிந்து கம்பளத்தில் ஊறியது. அந்த வீட்டைக் காலி செய்யும் வரைக்கும் புளித்த நாற்றம் போகவே இல்லை.

அப்பா வந்து பார்த்தார். முதலில் அவர் முகம் என்னவோபோல் ஆனது, அதை நான் கவனித்தேன். பிறகு சிரித்துவிட்டார்.

"அட, இவ்ளோதானா? திருக்க வாலு பட்டிருந்தால்லா தெரியும்."

"ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா? நார்வேல ஒருநா நீங்க பிள்ளைகள அடிச்சிருக்கீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அது அங்க சட்டம்" என்றார் அப்பா.

பலகையின் மூன்று அடியையும் விட எனக்கு அதுதான் வலித்தது. பத்து வருஷமாக அவர் எங்களை அடிக்காததை நான் பாசம் என்று நினைத்திருந்தேன்.

தம்பியின் தாளைத் திரும்ப வாங்குங்கள் என்று அம்மா தினமும் அப்பாவைக் கெஞ்சினாள். அப்பா அங்கிளிடம் யோசனை கேட்டார். விசா விஷயம், வந்த இடத்தில் ஸ்கூலோடு வம்பு வேண்டாம் என்று அங்கிள் சொல்லிவிட்டார். தாள் அங்கேயே இருந்தது. தம்பியோ தினமும் சேட்டைக்கு அடையாளமாகச் சிவப்பு முகம் ஒட்டிய அட்டையோடு வீட்டுக்கு வந்தான். நாற்காலியிலிருந்து எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், வரிசையைவிட்டு ஓடினான். அவன்மேல் அந்தப் பலகை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே வேலை. மதிய இடைவேளையில் அவன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, உட்காருடா உட்காருடா என்று கை காட்டுவேன்.

நவம்பர் விடுமுறையில் அங்கிள் வீட்டில் விருந்து. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வந்திருந்தன. அங்கிளுடைய மகன், தம்பி வயதுதான், ரசத்தைக் கம்பளத்தில் கொட்டிவிட்டான். அங்கிள் பேச்சை நிறுத்தாமலே அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அடி வாங்கியவன்கூடச் சத்தம் போடவில்லை. என் தம்பிதான் ஓடிப்போய் அங்கிளின் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான்.

"இக்கெ லோவ்! இக்கெ லோவ்!"

நார்வேயில் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்வது அது. கூடாது, சட்டத்தில் இடமில்லை என்று அர்த்தம்.

"லவ்வா? யாரடா லவ் பண்ற?" என்று அங்கிள் கேட்க, கூடமே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. அவர் மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டான்.

"சார்!" என்று அங்கிள் கையை உதறினார். "நார்வேல ஓவரா செல்லம் குடுத்து ஸ்பாயில் பண்ணி வெச்சிருக்கீங்க. அடியாத மாடு படியாது சார்."

அப்பா எழுந்து வந்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். தம்பியின் முகம் அந்தக் கணமே மாறிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அஞ்சு கொடுப்பதற்காக எம்பிக் குதித்தான். குதித்த உயரத்திலேயே அந்தக் கை அவன் கன்னத்தில் இறங்கியது.

பக்கவாட்டில் போய்ச் சோபாக் காலில் விழுந்தான். காதோரம் ரத்தம் வந்தது. அவன் அழவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், எங்கே தவறு நடந்தது என்று கணக்குப் பார்ப்பவன்போல. அங்கிள் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

முதல் அடிதான் கஷ்டம்போல. பிறகு கைக்கு அது பழகிவிடுகிறது. சிவப்பு முகம் வந்தால் அடி, பால் கொட்டினால் அடி, நார்வேஜிய மொழியில் பேசினால் அடி. கை போய் பெல்ட் வந்தது. பெல்ட் இடுப்பைவிட்டு உருவும் ஒலியும் பக்கிள் தரையில் இழுபடும் ஒலியும் கேட்டால் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அப்பா அவன் காலைப் பிடித்து இழுப்பார், நான் கையைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் பெல்ட் என் கழுத்தில் சுற்றித் தோலை உரித்தது. அன்று அம்மாவின் கையில் பாலாடைக்கட்டி சீவும் இரும்புக் கரண்டி இருந்தது. முதன்முறையாக அது சுவருக்குப் போகவில்லை. அப்பாவின் புருவத்தைப் பிளந்தது. அப்பா ரத்தம் வழியும் முகத்தோடு வந்து அம்மாவை அறைந்தார். அம்மா திருப்பி அறைந்தாள். அடுக்களைத் தரையில் உருண்டார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்களே, அந்த அடி எங்கள் வீட்டில் யாருக்கு என்ன உதவியது என்று நானும் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, வகுப்பிலிருந்து என்னை அழைத்துப் போனார்கள். அந்த அறையில் தம்பி நின்றிருந்தான். டீச்சர் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் போனபோது அவரைக் கீறிவிட்டானாம். இங்கிலீஷில் எது கேட்டாலும் பதில் இல்லை, இக்கெ லோவ் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மேசையைப் பிடித்துக்கொண்டு குனியச் சொல்" என்றார் துணை முதல்வர். பலகை ஆணியிலிருந்து இறங்கி மேசைமேல் இருந்தது.

வீட்டுக்குப் போன் போயாகிவிட்டது, உங்கள் அம்மா "வெயிட், ஐ கம்" என்று சொல்லியிருக்கிறார், ஆனால் காத்திருக்க நேரமில்லை என்றார். நான் தம்பியிடம் நார்வேஜிய மொழியில் சொன்னேன்: மூத்திரம் வருது என்று சொல், வந்ததும் தண்ணீர் வேண்டும் என்று சொல், எதைச் சொன்னாலும் குனியாதே. அவன் மூத்திரம் போனான், தண்ணீர் குடித்தான், ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். துணை முதல்வர் ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து அவன் பிடரியில் கைவைத்து அமுக்கினார். அவன் கன்னம் மேசையில் பதிந்தது.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். கார் ஓட்டத் தெரியாதவள், நடைபாதை இல்லாத அந்தச் சாலையோரமாக, லாரிகள் ஹாரன் அடிக்க, வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருக்கிறாள். ஒரு செருப்பைக் காணோம், பாதமெல்லாம் ரத்தம். மேசைக்கு வந்தாள். பலகையை இடது கையில் எடுத்தாள். செயலாளர் அம்மாள் அலறினார், அம்மா அவரை அடிக்கப்போகிறாள் என்று.

அம்மா தன் வலது கையை மேசை விளிம்பில் விரித்து வைத்தாள்.

"திஸ் ஹேண்ட் சைன்" என்றாள்.

பலகை இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பென்சில் முறிவது மாதிரி கேட்டது. மறுபடி ஓங்கினாள்.

"நோ சைன். ஃபினிஷ். நோ சைன்."

துணை முதல்வர் தம்பியை விட்டுவிட்டு ஓடிவந்து பலகையைப் பிடுங்குவதற்குள் மூன்று முறை அடித்துவிட்டாள். அவர் முகம் வெள்ளையாகிவிட்டது. மிட்டாய் தரையில் விழுந்து உருண்டது. அம்மா தொங்கிக்கொண்டிருந்த விரல்களோடு தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாள்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அப்பா அங்கிளோடு வந்தார்.

"சிஸ்டர், ஒரு சின்ன விஷயத்துக்குப் போய் ஏன் இவ்ளோ எமோஷனலா" என்று அங்கிள் தொடங்கினார்.

"சார், நீங்க போங்க" என்றார் அப்பா. அங்கிள் போன பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மாவின் கட்டுப்போட்ட கையைத் தொட வந்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கள எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

"தூத்துக்குடிக்கா?"

"ஸ்டவாங்கருக்கு" என்றாள் அம்மா. "அங்கதான் ஒங்களுக்குச் சட்டம் இருக்கு."

அப்பா முன்னால் போய் வீடு பார்த்தார். பள்ளி ஆண்டு முடிந்ததும் நாங்கள் மூவரும் போனோம். ஸ்டவாங்கர் விமான நிலையத்தில் கதவு திறந்ததுமே ஈரக் காற்று முகத்தில் பட்டது. அப்பா பழைய மழைக்கோட்டோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண் கலங்க, சிரித்தபடி, கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"அஞ்சு கொடு!"

தம்பி பையைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டான். சுற்றி நின்ற நார்வேக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். அஞ்சு என்றால் பயப்படு என்றும் ஒரு பொருள் உண்டு என்று பின்னாளில் நான் புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தம்பி படிக்காமலே தெரிந்துகொண்டிருந்தான். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே மேலே நின்றது. அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. சட்டத்துக்காகவா, வேறு எதற்காவதா என்று நான் கேட்டதில்லை. அம்மா இன்றைக்கும் அந்த வளைந்த விரல்களால்தான் பாலாடைக்கட்டி சீவுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் துடுப்பு எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விடுவாள். நீங்கள் அந்தப் பிரம்புப் படத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், எனக்கு அனுப்பாதீர்கள்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. தம்பி ஓங்குதாங்காக வளர்ந்து, தாடியில் நரையோடு, வாராவாரம் வந்து அவருக்குச் சவரம் செய்துவிடுகிறான். தம்பி இருக்கும்போது அப்பா மேல் அலமாரியிலிருந்து எதையும் எடுப்பதில்லை, என்னைக் கூப்பிடுவார். மேல்விளக்கின் கயிற்றை இழுக்க மாட்டார். சட்டையைத் தலைவழியே கழற்ற மாட்டார், அதற்காகவே பொத்தான் சட்டைகளாக வாங்கச் சொல்வார். இதையெல்லாம் வயோதிகத்தின் முரண்டு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு தம்பி விடைபெற்றுக் காரை எடுத்தான். அப்பா ஜன்னலோரம் நின்று அவனுக்குக் கையசைத்தார். வலது கையை இடுப்புக்கு மேலே வராமல் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஐந்து விரலையும் மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார்.